ஆனையா, அணையா?

கேரளாவில் ஆனைக்கரை என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. இது தெரியாமல் நான் ஒரு தடவை அத்தைக்கு ஒரு ஸ்வெட்டரும் மூட்டுவலித் தைலமும் பார்சல் அனுப்பி, அது பாலக்காடு மாவட்டத்து ஆனைக்கரைக்குப் போய் மூன்று வாரம் தூங்கிவிட்டு, "இப்படி ஒரு தோட்டம் இங்கே இல்லை" என்ற குறிப்போடு கார்டிஃபுக்கே திரும்பி வந்தது. அஞ்சல் குறியீட்டில் 685 என்று தொடங்க வேண்டியதை 679 என்று போட்டது நான்தான். தினமும் அடுத்தவர் படிவத்தில் தப்பு கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை. என்னத்தைச் சொல்ல :-)

மலையாளப் பலகையைப் பார்த்தால் குழப்பமே இல்லை. பாலக்காட்டுக்காரர்கள் எழுதுவது ஆனக்கர. இடுக்கிக்காரர்கள் எழுதுவது அணக்கர. ஆனை அங்கே, அணை இங்கே. எங்கள் கம்பத்து ஆட்கள் இந்த இலக்கணத்தைப் பற்றி எல்லாம் கவலைப்படுவதில்லை. மலை மேல் இருப்பது ஆனைக்கரை, அவ்வளவுதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பாலக்காட்டு ஆனைக்கரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போகலாம். வடக்கத்து என்ற பெரிய வீட்டின் ஊர் அது. அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்த பதினைந்து பெண்களில் ஒருவரான அம்மு சுவாமிநாதன் அந்த வீட்டுப் பெண். நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமியும், நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாயும் அவருடைய மகள்கள். 1952 தேர்தலில் அம்மு சுவாமிநாதனை மக்களவைக்கு அனுப்பியது எங்கள் பக்கத்து திண்டுக்கல் தொகுதி. பார்சல் அங்கே போனதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அந்த ஊரைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது இடுக்கி ஆனைக்கரையைப் பற்றி.

குமுளியிலிருந்து மூணாறு போகும் சாலையில் ஏறினால் ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் வரும். கடல் மட்டத்திலிருந்து 3000 அடிக்கு மேல். கடைத்தெரு, பஸ் நிற்கும் இடம், ஏலக்காய் வாங்கும் கடைகள், பூச்சிமருந்துக் கடைகள், வங்கிகள், சுற்றிலும் நிழல் மரங்களுக்குக் கீழே ஏலத்தோட்டம். கொஞ்ச தூரத்தில் செல்லார்கோவில் விளிம்பு. அங்கே நின்று கீழே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கும், தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் வாய்க்காலுமாக. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்து "ஆகா, தமிழ்நாடு!" என்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் சின்ன வயதில் அதே விளிம்பைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தவன். எங்களுக்கு அது "மலை". மழை அங்கிருந்து வரும், கூலி அங்கிருந்து வரும், காய்ச்சலும் அங்கிருந்துதான் வரும்.

இந்த மாதிரி ஊர்களைப் பற்றி "ஊர் அறிமுகம்" என்று எழுதுகிறவர்கள் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். மக்கள்தொகை இவ்வளவு, பள்ளிக்கூடம் இத்தனை, பார்க்க வேண்டிய இடம் இது, பள்ளி இது. பள்ளி என்றால் அங்கே சர்ச். ஆனைக்கரையில் சீரோ மலபார் கத்தோலிக்கர்களின் பள்ளி, காஞ்சிரப்பள்ளி மறைமாவட்டத்தின் ஃபொறோனாக்களில் ஒன்று. அதாவது சுற்றுவட்டாரப் பங்குகளுக்குத் தலைப்பங்கு. அந்த ஊரின் கதையில் பாதியை அந்தப் பங்கின் கதையாகவே சொல்லிவிடலாம். அதில் எனக்குப் பொறாமை உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை.

எப்படி என்றால், இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்னாலும் திருவிதாங்கூரில் அரிசிப் பஞ்சம். கிழக்கே காட்டை வெட்டி உணவுப் பயிர் வையுங்கள் என்று அரசே குத்தகைக்கு நிலம் விட்டது. மீனச்சில், பாலா பக்கத்திலிருந்து சிறு விவசாயிகள் மலையேறினார்கள். கப்பைக்கிழங்கு நட்டு, ஏறுமாடம் கட்டிக் குடியிருந்து, மலேரியாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, யானையை விரட்டி, கையகல நிலத்தை ஊராக்கினார்கள். கொஞ்சம் தலை நிமிர்ந்ததும் அவர்கள் கட்டிய முதல் பொதுக்கட்டடம் புல் வேய்ந்த ஒரு ஷெட். ஞாயிறு பூசைக்கு அது பள்ளி, மற்ற நாளில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஹைரேஞ்சில் எந்த ஊரில் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்வார்கள்.

1954-ல் பட்டம் தாணுப்பிள்ளை திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர். ஹைரேஞ்சில் அரசே குடியேற்றத் திட்டம் போட்டு நிலமும் பணமும் கொடுத்தது. கல்லாறு பக்கம் இன்றும் பட்டம் காலனி என்று ஓர் இடம் இருக்கிறது. அந்தக் காலக்கட்டத்தைக் கவனிக்க வேண்டும். தேவிகுளமும் பீருமேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம் அது. அதே வருஷம் ஆகஸ்டில் தெற்கே மார்த்தாண்டம், புதுக்கடையில் துப்பாக்கிச் சூடு. தோட்டங்களில் தமிழர்கள் பெரும்பான்மை என்ற கணக்கை மாற்றத்தான் குடியேற்றம் என்று தமிழர் தரப்பு அன்றைக்கே சொன்னது. 1956-ல் மாநிலம் பிரிந்தபோது இரண்டு தாலுகாவும் கேரளாவுக்குப் போயின. இதைச் சொன்னால் மலையாளி நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சொல்லாவிட்டால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். நான் சொல்ல வருவது வேறு.

அதே பட்டம் தாணுப்பிள்ளை 1960-ல் மறுபடி முதலமைச்சரானார். அடுத்த வருஷம், 1961 மே மாதம், இடுக்கி அணைக்காக அய்யப்பன்கோவிலில் இருந்த ஆயிரக்கணக்கான குடியேறிகளைப் போலீஸை வைத்து வெளியேற்றி, குமுளிக்குப் பக்கத்தில் அமராவதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். கொட்டும் மழை. வெட்டவெளி. கட்டிப் போகக் கூரை கிடையாது. ஏ.கே. கோபாலன் வந்து ஜூன் மாதம் அங்கேயே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கம்யூனிஸ்ட்டைக் கண்டால் முகம் திருப்பிய காலத்தில், பாதிரியார் வடக்கன் அவரோடு சேர்ந்து நின்றார். ஏழு வருஷத்துக்கு முன்னால் வாருங்கள் என்று நிலம் கொடுத்த கையும், போங்கள் என்று தள்ளிய கையும் ஒரே கை. அன்றைக்கு அந்தக் குடும்பங்கள் கரைந்து போகாமல் காத்தது இரண்டு விஷயம்: கட்சி, பங்கு. குறிப்பாகப் பங்கு. ஏனென்றால் கட்சி கூட்டம் முடிந்தால் போய்விடும். பங்கு ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரும்.

இன்னொன்றும் இருக்கிறது, வங்கிக்காரன் என்பதால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பங்கு என்றால் பதிவேடு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் தேதி போட்டு எழுதப்படும். பிற்காலத்தில் பட்டா விவகாரம் வந்தபோது, 1977 ஜனவரி 1-க்கு முன் குடியேறியவர்களுக்கு நிலத்தை உரிமையாக்கலாம் என்று 1993-ல் விதி வந்தது. ஒரு குடும்பம் எந்த வருஷம் மலைக்கு வந்தது என்பதற்கு, அந்த மலையில் பிறந்த குழந்தையின் ஞானஸ்நானப் பதிவை விட நல்ல சாட்சி என்ன இருக்கிறது? அரசாங்கக் காகிதத்தின் லட்சணம் நமக்குத் தெரியும். ஏலமலைக் காடு எவ்வளவு பரப்பு என்பதிலேயே, 1897 அறிவிக்கையில் இருந்தது 15,720 ஏக்கரா இல்லை 2,15,720 ஏக்கரா என்று சண்டை. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. முன்னால் ஒரு '2' இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு மாவட்டத்தின் தலையெழுத்து! எங்கள் கிளையில் ஒரு இலக்கம் விட்டுப் போனால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார வைப்பார்கள்.

2013-ல் காட்கில், கஸ்தூரிரங்கன் அறிக்கைகளுக்கு எதிராக ஹைரேஞ்சு கொதித்தது நினைவிருக்கும். அதற்கும் முன்னால் நின்றது பங்குகள்தான். 2014 மக்களவைத் தேர்தலில் ஹைரேஞ்சு பாதுகாப்பு சமிதியின் ஆளாக, இடதுசாரி ஆதரவோடு சுயேச்சையாக நின்ற ஜாய்ஸ் ஜார்ஜ் இடுக்கியில் ஜெயித்தார். காட்கில் அறிக்கையை அவர்கள் எதிர்த்தது சரியா என்றால், என் வரையில் இல்லை. 2018 வெள்ளத்தில் அந்த மலைகள் சரிந்ததைப் பார்த்த பிறகு இன்னும் உறுதியாக இல்லை. ஆனால் ஒரு சின்ன ஊரின் விவசாயி தன் குரலை டெல்லி வரை கொண்டுபோக ஓர் ஏணி வைத்திருந்தான் என்பதை மறுக்க முடியுமா?

இப்போது என் அத்தை கதைக்கு வருகிறேன்.

அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் ஆனைக்கரைத் தோட்டங்களில் வேலை செய்தவர். காலை நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்கி, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு, ஐந்தரைக்கு ஜீப்புக்கு நிற்க வேண்டும். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி அந்தப் பக்கம். ஒரு ஜீப்பில் பதினைந்து பேர், சில நாள் இருபது. பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. கம்பம், கூடலூர், போடி, தேவாரம் என்று எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் இப்படி மலையேறும் பெண்கள் ஆயிரக்கணக்கில். வளைவில் ஜீப் கவிழ்ந்த செய்தி வருஷத்துக்கு ஒன்றிரண்டு வரும். மூன்றாம் பக்கத்தில், நாலு வரி.

காய் எடுப்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கொத்து கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும். குந்தி உட்கார்ந்து, குனிந்து, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். இளங்காயில் கை பட்டால் கங்காணி கத்துவார். மேலே மழை, காலில் அட்டை. ஏலத்துக்கு அடிக்கும் மருந்து கொஞ்சநஞ்சமல்ல, அதுவும் கையில்தான். பறித்த பச்சைக்காயை ஸ்டோரில் போட்டு ஒரு நாள் போல சூட்டில் உலர்த்தினால், ஐந்து கிலோ ஒரு கிலோவாக வற்றும். அந்தப் பச்சை நிறம் மாறாமல் எடுப்பதில்தான் விலை. பிறகு புற்றடியிலோ போடியிலோ ஏலம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாய் தொட்டது. முந்தின வருஷ வெள்ளத்திலும் பிறகு வந்த வறட்சியிலும் செடி போனதால் வந்த விலை அது. அப்புறம் சில வருஷத்திலேயே ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஏறினபோது அத்தையின் கூலி ஏறவில்லை. இறங்கினபோது "இந்த வாரம் ரெண்டு நாள்தான் வேலை" என்றார்கள்.

அந்த முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மீனச்சில் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா வந்தார். நான் மேலே எழுதிய கதையில் வரும் ஆள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, மலையில் தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் ராவோடு ராவாகக் காட்டு வழியாகத் தேவாரம் பக்கம் இறங்கி ஓடின. இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் குமுளியை நோக்கி ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். மலையாளிகளின் கடைகள் உடைபட்டன. இரண்டு பக்கமும் அசிங்கம்தான். அந்த வாரம் அத்தையும் இன்னும் ஆறு பெண்களும் தோட்டத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். முதலாளி அவர்களைத் தன் வீட்டுப் பின்கட்டில் இரண்டு ராத்திரி வைத்திருந்து, மூன்றாம் நாள் விடியுமுன் தானே ஜீப்பை ஓட்டிக் கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டார். பயத்தில் வழியெல்லாம் ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தாராம். "அந்தாளு உருட்டுன உருட்டுல எங்களுக்கும் பயம் போயிருச்சுப்பா" என்பார் அத்தை.

ஆறு மாதம் கழித்து முதலாளியின் அம்மா இறந்தார். அத்தை போனார். பூசை நடக்கும்போது பள்ளிக்கு வெளியே முற்றத்தில் நின்றிருக்கிறார்.

"உள்ள வரக்கூடாதுன்னாங்களா அத்த?"

"யாரு என்னத்த சொல்லப் போறா? நம்ம எடம் இல்லையேப்பா. செருப்பக் கழட்டிட்டு நின்னேன்."

இந்த "நம்ம எடம் இல்லையே"தான் என் வயிற்றில் கிடந்து உருளுகிறது. முப்பது வருஷம். அந்த ஊர் ஏலக்காயில் எத்தனை மூட்டை அத்தையின் கை வழியாகப் போயிருக்கும்? ஆனால் அந்த ஊரின் எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் கிடையாது. பஞ்சாயத்து வாக்காளர் பட்டியலில் இல்லை, ஏனென்றால் ஓட்டு கம்பத்தில். பங்குப் பதிவேட்டில் இல்லை, ஏனென்றால் அவர் கும்பிடுவது மாரியம்மனை. தமிழ்க் கத்தோலிக்கராக இருந்தாலும் அந்தப் பள்ளியில் பேர் இருக்காது. ஹைரேஞ்சில் லத்தீன் வழிபாட்டுக்காரர்கள் விஜயபுரம் மறைமாவட்டம், சீரோ மலபார்க்காரர்கள் காஞ்சிரப்பள்ளி அல்லது இடுக்கி. ஒரே மலை, ஒரே மழை, ஒரே ஏசு, பதிவேடு வேறு வேறு! தமிழர்களுக்கென்று அந்த எல்லையில் இருக்கும் பழைய கோயில் என்றால் மங்கலதேவி கண்ணகி கோயில்தான். அதுவும் வருஷத்தில் ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும், போலீஸ் பந்தோபஸ்தோடு.

2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தபோது தோட்டங்களில் வாரக்கூலி நின்றது. கணக்கு தொடங்கினால் அதில் போடுகிறேன் என்றார் முதலாளி. மலையில் ஒரு வங்கிக் கிளைக்குப் போனார் அத்தை (பேர் வேண்டாம், நானும் அதே தொழில்). ஆதார் தமிழ்நாட்டு விலாசமாக இருக்கிறது, கம்பத்தில் போய்த் தொடங்கு என்றார்களாம். கம்பத்துக் கிளை திறக்கும் நேரத்தில் அத்தை மலையில் இருப்பார். மூடிய பிறகு ஊர் திரும்புவார். விதிப்படி அந்தக் கிளை அவருக்குக் கணக்கு தொடங்கியிருக்கலாம். இங்கிருந்து போனில் நான் விதி எண்ணெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கவுன்டரில் இருந்த பையனுக்கு அதைக் கேட்க நேரமில்லை. அவனைக் குறை சொல்லி என்ன, வெளியே வரிசை தெரு முனை வரை. 2020-ல் கொரோனாவுக்கு எல்லையை மூடினார்கள். கம்பம்மெட்டில் பாஸ் இல்லாமல் ஈ நுழைய முடியாது. அப்போதுதான் தோட்டக்காரர்கள் "தமிழ்நாட்டு ஆள் இல்லாமல் காய் செடியிலேயே அழுகுகிறது" என்று மனுப் போட்டார்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒரு கணக்கு. இருந்தால்தானே சொல்ல!

இதெல்லாம் எனக்கு இப்போது ஏன் கிளம்பியது என்றால், போன மாதம் வட வேல்ஸில் பாலா என்ற ஊர்ப்பக்கம் போயிருந்தேன். (நம் டைரக்டர் பாலா இல்லை. அவரும் எங்கள் தேனிக்காரர்தான்.) அங்கே ஓர் ஏரி. அது ஏரி இல்லை, அணை. லிவர்பூல் நகரத்துத் தண்ணீருக்காக 1957-ல் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டு, கப்பெல் கெலின் என்ற கிராமத்தை 1965-ல் மூழ்கடித்தார்கள். வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. கப்பெல் என்றால் ஜெபக்கூடம். ஊரின் பேரே கோயில் பேர்தான். பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் ஆபீஸ், ஒரு ஜெபக்கூடம், அதன் கல்லறை. வீடிழந்தவர்கள் நாற்பத்தெட்டு பேர்.

நாற்பத்தெட்டே பேர்! அய்யப்பன்கோவிலில் ஒரு தெருவுக்குக் காணாது. ஆனால் இந்த நாட்டில் அந்த ஊர்ப் பேரைத் தெரியாத வெல்ஷ்காரரை நான் பார்த்ததில்லை. கடற்கரைச் சாலையில் ஒரு இடிந்த சுவரில் அந்தப் பள்ளத்தாக்கை நினைவில் வையுங்கள் என்று சிவப்புப் பூச்சின் மேல் வெள்ளையில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாராவது அதைக் கெடுத்தால் மறுநாளே திருப்பி எழுதிவிடுகிறார்கள். லிவர்பூல் நகரசபை 2005-ல் மன்னிப்புக் கேட்டது. கரையில் ஒரு நினைவு ஜெபக்கூடம். அதன் பக்கத்தில் பழைய கல்லறையிலிருந்து கொண்டுவந்த கற்களை அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பேர், வருஷம், எந்தப் பண்ணை என்பது வரை. தூறலில் நின்று ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதி உச்சரிக்க வரவில்லை. இத்தனை சின்ன ஊருக்கு இத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறார்களே என்பதுதான் மனசில் ஓடியது.

வேல்ஸை ரொம்பவும் தூக்கி வைக்கவும் வேண்டாம். இங்கேயும் இப்போது கிராமத்து ஜெபக்கூடங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றை விடுமுறை வீடாக்கி விற்றுவிட்டார்கள். பேர் மட்டும் மிச்சம். ஆனைக்கரையிலோ பங்கு உயிரோடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லை. அதனால்தான் கேட்கத் தோன்றுகிறது. அறுபது வருஷத்துக்கு முன் அமராவதி மழையில் நனைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். "எங்கிருந்தோ வந்தவன்" என்று சொல்லித் துரத்தப்படுவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜீப்பில் வரும் பெண்களுக்கு ஒரு பேரேடு போடுவது அந்தப் பங்குக்கு ஒரு மாத வேலை. யார், எந்த ஊர், எந்தத் தோட்டம், எத்தனை வருஷமாக, விபத்துக் காப்பீடு உண்டா. மதம் மாற்றவா என்று எங்கள் பக்கத்தில் நாலு பேர் கிளம்புவார்கள், கிளம்பட்டும். பஞ்சாயத்து செய்தால் இன்னும் நல்லது. எனக்கு நோட்டுப் புத்தகம் யாருடையது என்பதில் பிடிவாதமில்லை.

அதைவிட அதிகமாகக் கோபம் வருவது எங்கள் பக்கத்தின் மேல்தான். பெரியாற்றுத் தண்ணீர் என்றால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் தலைவர்கள் இருக்கிறார்கள். ஏக்கர் கணக்குக் கடைசி இலக்கம் வரை தெரிகிறது. அதே பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் எத்தனை பெண்கள் மலையேறுகிறார்கள் என்று அவர்களில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பென்னிகுவிக் பிறந்தநாளுக்கு மாலை போடும் சாலையில்தான் அந்த ஜீப்புகளும் போகின்றன. நிற்க ஒரு நிழற்குடை, ஒதுங்க ஒரு கக்கூஸ், அளவுக்கு மேல் ஏற்றாமல் இரண்டு பஸ் — இதைக் கேட்டு ஒரு ஊர்வலம் குமுளி வரை போனதாக நான் கேள்விப்படவில்லை.

போன ஞாயிறு அத்தையிடம் போனில் பேசினேன். முட்டி போனதால் மூன்று வருஷமாக மலைக்குப் போவதில்லை. கல்லறைக் கற்களைப் பற்றிச் சொன்னேன். பேரெல்லாம் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, தன்னோடு ஜீப்பில் போனவர்களின் பேரை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். முன் சீட்டில் யார், ஜன்னல் ஓரம் யாருக்கு என்று சண்டை, யாருக்கு வாந்தி வரும், யார் பாட்டுப் பாடுவார், எந்த வளைவில் யார் விழுந்து கை ஒடிந்தது. நான் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் ஆறேழு பேர் போய்விட்டது.

"அத்த, மொதல்ல இருந்து சொல்லு."

"எதுக்குப்பா?"

"சும்மா. எழுதிக்கிறேன்."

பதினேழு பேர் ஆகியிருக்கிறது. இந்த ஞாயிறு மிச்சம் சொல்கிறேன் என்றிருக்கிறார்.